சின்த் சொன்ன பேச்சு கேட்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, டெக்செட் எனக் கணினியில் இலவசமாகவே நல்ல சின்தசைசர்கள் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்குபவை, சுருக்கமாகச் சின்த்) கிடைக்கின்றன. ஐபேடில் சின்த் ஒன், கராஜ்பேண்டுக்குள் ஆல்கெமி. பெயர்கள் வேறு, திரைகள் வேறு. உள்ளே ஓடும் பாதை ஏறக்குறைய ஒன்றே. ஆசிலேட்டரில் ஒலி பிறக்கிறது, ஃபில்டரில் வடிகிறது, ஆம்ப் என்வலப்பில் (ஒலி எழுவது முதல் அடங்குவது வரை அதன் அளவை நடத்துவது) உருவம் பெறுகிறது, எஃபெக்டுகள் வழியாக வெளியே வருகிறது.

சொந்தமாகப் பேட்ச் (ஓர் ஒலிக்கான அமைப்புகளின் தொகுப்பு) செய்பவர்களின் நேரத்தை அதிகம் தின்பது ஒரே பழக்கம்: கோளாறு காதில் விழும் இடத்திலேயே மருந்து போடுவது. கரகரப்பா, ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது). மெலிந்திருக்கிறதா, கம்ப்ரஸர் (ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது). வாய்க்காலில் கலங்கல் வந்தால் மதகு வரை நடந்து போய்ப் பார்ப்பதுதான் முறை. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் அந்த நடையைத்தான் எழுதியிருக்கிறோம்.

எதைத் தொடுவதற்கும் முன்

பேட்சை வேறு பெயரில் ஒரு பிரதி சேமியுங்கள். ப்ளூடூத்தைக் கழற்றிவிட்டு வயர் ஹெட்போன் போடுங்கள். பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள்:

1. எல்லா எஃபெக்டுகளையும் அணையுங்கள். கோளாறு போய்விட்டதா? ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டால் குற்றவாளி கிடைத்துவிடும்.
2. போகவில்லையென்றால் எல்எஃப்ஓ (மற்ற அமைப்புகளை மெதுவாக ஆட்டும் அலை), என்வலப் இணைப்புகளின் அளவை ஒவ்வொன்றாகப் பூஜ்யமாக்குங்கள்.
3. பிறகு ஃபில்டரை அணையுங்கள்.
4. பிறகு ஓர் ஆசிலேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த பேட்சிலும் அதே இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சோதிக்கும்போது ஒரு தாழ்ந்த சுரம், ஒரு நடு சுரம், ஒரு மேல் சுரம், ஒரு நான்கு சுர கார்டு (நான்கு சுரங்களை ஒன்றாக அழுத்துவது) என்று நான்கையும் வாசியுங்கள். நடு ஸ்தாயியில் மட்டும் வாசித்துப் பார்த்துத் திருப்திப்படுவதால்தான் பாதி கோளாறுகள் பாட்டுக்குள் வந்து வெளிப்படுகின்றன.

ஒலியே வரவில்லை

மீட்டர் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் சின்த் சரியாக இருக்கிறது, கோளாறு வெளியே. ஐபோனின் சைலன்ட் முறை சில ஆப்களை ஊமையாக்கும். கணினியில் தவறான ஆடியோ அவுட்புட் தேர்வாகியிருக்கும்.

மீட்டரும் அசையவில்லை என்றால் மூன்று இடம். ஆம்ப் என்வலப்பில் சஸ்டெயின் (கட்டையைப் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு) 0, டிகேயும் (அந்த அளவுக்கு இறங்கும் நேரம்) மிகக் குறைவு என்றால் ஒலி பிறந்த கணமே செத்துவிடும். லோபாஸ் ஃபில்டரின் (தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடுவது) கட்ஆஃப் (வெட்டும் எல்லை) அடிமட்டத்தில் இருந்தால் எதுவும் கசியாது. மூன்றாவது, ஆசிலேட்டர் எங்கே அனுப்பப்படுகிறது என்பது. வைட்டலில் ஒவ்வோர் ஆசிலேட்டருக்கும் ஃபில்டர் 1, ஃபில்டர் 2, எஃபெக்ட், நேரடி வெளியீடு என்று தனி வழித்தேர்வு உண்டு. "ஃபில்டரைத் திருகுகிறேன், ஒன்றுமே மாறவில்லை" என்ற புகாருக்கும் பதில் இதே இடத்தில்தான்: ஆசிலேட்டர் அந்த ஃபில்டருக்குள் போகவே இல்லை.

கட்டையை அழுத்திய பிறகு தாமதமாக ஒலிக்கிறது

முதலில் ஒரு பியானோ பிரீசெட்டுக்கு (ஆயத்தமாக வரும் ஒலி) மாறி வாசியுங்கள். அதில் தாமதம் இல்லையென்றால் குற்றம் உங்கள் பேட்சின் அட்டாக்கில்தான், அதாவது ஒலி உச்சத்துக்கு ஏறும் நேரத்தில். 80 மில்லிசெகண்ட் அட்டாக் கையில் தாமதமாகவே உணரப்படும். ஆம்ப் அட்டாக் 5 மில்லிசெகண்டாக இருந்தும் மந்தமாக இருந்தால் ஃபில்டர் என்வலப்பின் அட்டாக்கைப் பாருங்கள். ஒலி நேரத்துக்கு வந்துவிடுகிறது, அதன் பிரகாசம் பின்னால் வருகிறது. காது பிரகாசத்தைத்தான் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும்.

பியானோவிலும் தாமதம் என்றால் பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கணக்கிடும் ஒலித்துண்டின் நீளம். 44,100 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்பது 11.6 மில்லிசெகண்ட், 128 என்றால் 2.9. வாசிக்கும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1,024 என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் ஹெட்போனின் தாமதத்தை எந்த பஃபராலும் சரிசெய்ய முடியாது. வாசிப்பதற்கு வயர் கட்டாயம்.

சுரம் தொடங்கும்போதும் முடியும்போதும் "டிக்" என்கிறது

அலை பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறாமல் சட்டென்று ஒரு மதிப்புக்குத் தாவினால் அந்தத் தாவல் எல்லா அதிர்வெண்களிலும் ஒரு துளி சிந்தும். அதுதான் டிக். எங்கே விழுகிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிரிக்கலாம்.

தொடக்கத்தில் மட்டும் என்றால் அட்டாக் 0. நடு ஸ்தாயிக்கு 2 மில்லிசெகண்ட் போதும். ஆனால் தாழ்ந்த சுரத்துக்கு அது போதாது: 60 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 16.7 மில்லிசெகண்ட், அதற்குள் 2 மில்லிசெகண்டில் ஏறினால் அதுவும் தாவல்தான். பேஸ் பேட்சுக்கு 3 முதல் 8 வரை கொடுத்து, டிக் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குத்து போய்விடும். தாளக் கருவி போன்ற ஒலிக்கு அந்த டிக்கே அழகு என்றால் விட்டுவிடலாம். அப்போது ஆசிலேட்டரின் ஃபேஸ் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தொடங்கும்படி வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு டிக்கும் ஒவ்வொரு மாதிரி விழும்.

முடிவில் மட்டும் என்றால் ரிலீஸ் (கையை எடுத்த பிறகு ஒலி அடங்கும் நேரம்) 0. 15 முதல் 30 மில்லிசெகண்ட் கொடுங்கள்; காதுக்கு அது நீட்சியாகத் தெரியாது.

ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மட்டும் என்றால் பேட்ச் மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) இருக்கிறது, ஒவ்வொரு சுரத்துக்கும் என்வலப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. லெகாட்டோவைப் (சுரம் மாறினாலும் என்வலப் தொடரும் முறை) போடுங்கள்.

நீளமான பேட் (மெல்ல விரியும் பின்னணி) ஒலியில், அதுவும் சில கார்டுகள் கடந்த பிறகுதான் டிக் வருகிறது என்றால் வாய்ஸ் திருட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு சுர கார்டு, விநாடிக்கு ஒன்று, ரிலீஸ் 4 விநாடி. ஒவ்வொரு கார்டும் 5 விநாடி உயிரோடு இருக்கும், எந்த நேரத்திலும் 20 வாய்ஸ் வேண்டும். பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய வாய்ஸ்களின் எண்ணிக்கை) 8 என்று இருந்தால் சின்த் பழைய சுரத்தின் கழுத்தைப் பிடித்து வெட்டிவிட்டுப் புதியதற்கு இடம் கொடுக்கும். பாலிஃபனியை ஏற்றுவதைவிட ரிலீஸை 1 விநாடிக்குக் குறைத்து, வாலை ரிவெர்பிடம் (அறை முழக்கம் போன்ற எஃபெக்ட்) விடுவது நல்லது. ப்ராஸஸருக்கும் சுமை குறையும்.

சுரம் பிடித்திருக்கும்போதே தாளகதியில் டிக் கேட்டால், சதுர அலையிலோ ரம்பப்பல் அலையிலோ ஓடும் எல்எஃப்ஓ ஒலியளவைத் திருகிக்கொண்டிருக்கிறது. எல்எஃப்ஓவின் செங்குத்து ஓரத்தைக் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். வைட்டலில் அலையை மவுஸால் இழுத்தே வரையலாம்.

கரகரப்பு, உடைசல்

மூன்று வெவ்வேறு நோய்கள் ஒரே அறிகுறியோடு வருகின்றன. மருந்துகள் வேறு வேறு என்பதால் இனம் பிரிக்காமல் எதையும் தொடாதீர்கள்.

முதல் சோதனை: பாட்டை ஆடியோ கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கேளுங்கள். கோப்பில் கரகரப்பு இல்லை, வாசிக்கும்போது மட்டும்தான் என்றால் ப்ராஸஸரால் நேரத்துக்கு முடிக்க முடியவில்லை. பஃபரை ஏற்றுங்கள். பிறகு யூனிசனைப் (ஓர் அலையைச் சற்று விலகிய பல பிரதிகளாக ஒலிக்கவிடுவது) பாருங்கள்: மூன்று ஆசிலேட்டர், ஒவ்வொன்றிலும் 7 யூனிசன், 8 வாய்ஸ் என்றால் ஒரே நேரத்தில் 168 அலைகள். 7 என்ற எண் ரோலண்ட் ஜேபி-8000 என்ற 1996 ஆம் ஆண்டு கருவியின் சூப்பர்சாவிலிருந்து வந்த வழக்கம். எல்லா பேட்சுக்கும் அது வேண்டும் என்ற விதி கிடையாது. ஓர் ஆசிலேட்டரில் 5 வைத்து மற்றதை 1 ஆக்கினாலே அகலம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

இரண்டாவது சோதனை: ஒரு சுரம் சுத்தமாக இருந்து, கார்டு மட்டும் உடைகிறதா? கிளிப்பிங், அதாவது அளவு எல்லை தாண்டி அலையின் உச்சி வெட்டுப்படுவது. நான்கு சுரங்களின் உச்சிகள் ஒன்றாக விழுந்தால் அளவு 12 டெசிபெல் வரை ஏறும். ஆகவே தனிச்சுரம் மீட்டரில் மைனஸ் 15 டெசிபெல் அருகே நிற்கட்டும். எங்கே குறைப்பது என்பதும் முக்கியம். ட்ராக் ஃபேடரை இழுத்தால் சின்த்துக்குள்ளேயே, டிஸ்டார்ஷனிலோ ஃபில்டரின் ட்ரைவிலோ உடைந்த ஒலி, உடைந்தபடியே மெதுவாகக் கேட்கும். ஆசிலேட்டர் லெவலில் குறையுங்கள். கட்ஆஃபைத் திருகும்போது ஏதோ ஓர் இடத்தில் மட்டும் உடைந்தால் ரெசனன்ஸ் (கட்ஆஃப் அருகே ஒலி கூடும் முகடு) அந்தச் சுரத்தின் ஒரு ஹார்மோனிக்கில் (அடிச்சுரத்தின் மடங்கான அதிர்வெண்) உட்கார்ந்துவிட்டது என்று பொருள். ரெசனன்ஸைத் தணித்தாலே போதும்.

மூன்றாவது, பலரும் பெயர் தெரியாமல் அவதிப்படுவது: ஏலியாசிங். மேல் சுரங்களில் மட்டும் ஒரு கண்ணாடித்தூள் போன்ற சத்தம், சுருதியோடு சேராத விசில். 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பதிய முடியாது. 30,000 ஹெர்ட்ஸில் ஒரு ஹார்மோனிக் பிறந்தால் அது மறையாது, மடங்கி 14,100 ஹெர்ட்ஸில் வந்து விழும். அதற்கும் உங்கள் சுரத்துக்கும் எந்த உறவும் இல்லை, அதனால்தான் அபஸ்வரமாகக் கேட்கிறது. உறுதி செய்ய ஓர் எளிய வழி: மேல் சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிட்ச் பென்டை (சுருதியை வளைக்கும் சக்கரம்) மேலே தள்ளுங்கள். சுரம் ஏறும்போது உள்ளே ஏதாவது ஒரு விசில் கீழே இறங்கினால் அது ஏலியாசிங்தான், சந்தேகமே வேண்டாம். ஓவர்சாம்பிளிங்கை (உள்ளே அதிக சாம்பிள் வேகத்தில் கணக்கிடுவது) 2 மடங்கோ 4 மடங்கோ ஆக்குங்கள். வைட்டலில் அது அட்வான்ஸ்ட் பக்கத்தில் இருக்கிறது. ஆப்பில் அந்த வசதி இல்லையென்றால் டிஸ்டார்ஷனுக்கு முன்பே லோபாஸால் மேல்பகுதியைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வெட்டிப் பயனில்லை, மடங்கியது ஏற்கெனவே கேட்கும் எல்லைக்குள் வந்துவிட்டது.

பேஸ் ஒரு தட்டில் கனமாகவும் அடுத்த தட்டில் காணாமலும் போகிறது

இதற்குக் கம்ப்ரஸர் போடுபவர்கள் மிக அதிகம். ஆனால் கோளாறு ஆசிலேட்டரில்.

இரண்டு ஆசிலேட்டர்கள் 55 ஹெர்ட்ஸில், ஒன்று 10 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) விலகியிருக்கிறது என்று வையுங்கள். 10 சென்ட் என்பது அங்கே 0.32 ஹெர்ட்ஸ் வித்தியாசம். இரண்டும் கூடி, விலகி, மறுபடி கூட 3.1 விநாடி ஆகும். நீங்கள் வாசிக்கும் பேஸ் சுரமோ அரை விநாடி. அந்த அரை விநாடி கூடும் நேரத்தில் விழுந்தால் மலை, விலகும் நேரத்தில் விழுந்தால் பள்ளம். மேல் ஸ்தாயியில் இதே 10 சென்ட் விநாடிக்குப் பலமுறை துடிப்பதால் காதுக்கு இனிய பளபளப்பாகிவிடுகிறது. கீழேதான் குழி விழுகிறது.

ஃபேஸ் விஷயமும் இதோடு சேரும். வைட்டலில் ஆசிலேட்டர் ஃபேஸுக்குப் பக்கத்தில் ராண்டம் அளவு ஒன்று இருக்கும்; அது 100% என்றால் ஒவ்வொரு தட்டிலும் அலை வேறோர் இடத்தில் தொடங்கும். சர்ஜில் ஆசிலேட்டரின் ரீட்ரிகர் பொத்தான் அதே வேலைக்கானது.

சரிசெய்யும் வரிசை: பேட்சை இரண்டு தளமாகப் பிரியுங்கள். அடித்தளம் ஒரே ஒரு சைன் அலை, யூனிசன் 1, டீட்யூன் (சுருதி விலகல்) 0, ராண்டம் ஃபேஸ் 0, நட்ட நடுவில் பேன் (இட வல நிலை), எஃபெக்ட் எதுவும் வேண்டாம். மேல்தளம் உங்கள் விருப்பம் போல் விரிந்த ரம்பப்பல் அலைகள், ஆனால் 120 முதல் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹைபாஸால் வெட்டப்பட்டது. வைட்டலில் அடித்தள ஆசிலேட்டரை நேரடி வெளியீட்டுக்கு அனுப்பி, மேல்தளத்தை மட்டும் ஃபில்டருக்கு அனுப்பினால் வேலை முடிந்தது.

"ஃபோனில் பேஸ் கேட்கவே இல்லை" என்பது வேறு விஷயம். 41 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஃபோன் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. உங்கள் பேட்சில் பிழை இல்லை. அடித்தளத்தின் மீது லேசான சாச்சுரேஷன் (மென்மையான டிஸ்டார்ஷன்) கொடுத்தால் 82, 123, 164 என்று ஹார்மோனிக்குகள் முளைக்கும். இன்னும் மேலே உள்ளவை சிறிய ஸ்பீக்கரிலும் கேட்கும். அடிச்சுரத்தைக் காதே ஊகித்துக்கொள்ளும்.

கீழே நன்றாக இருக்கிறது, மேலே போனால் மங்குகிறது

கட்ஆஃப் 800 ஹெர்ட்ஸில் நிற்கிறது. 65.4 ஹெர்ட்ஸ் சுரத்தின் 12 ஹார்மோனிக்குகள் அதற்குள் அடங்கும். மூன்று ஸ்தாயி மேலே, 523 ஹெர்ட்ஸில், அடிச்சுரம் மட்டும்தான் தப்பும். கீ ட்ராக்கிங்கை ஏற்றுங்கள்: 100% என்றால் ஒரு ஸ்தாயிக்கு ஒரு ஸ்தாயி கட்ஆஃபும் நகரும். 50 முதல் 70% வரை இயல்பாக இருக்கும். முழு 100% வைத்தால் உச்ச சுரங்கள் கிறீச்சிடக்கூடும்.

உயிரே இல்லை, பொம்மை போல ஒலிக்கிறது

வெலாசிட்டி (கட்டையைத் தட்டும் வேகம்) ஒலியளவை மட்டும் மாற்றுகிறதா? எந்தக் கருவியையும் ஓங்கி வாசித்தால் சத்தம் மட்டும் கூடாது, பிரகாசமும் கூடும். வெலாசிட்டியைக் கட்ஆஃபோடு இணையுங்கள். ஃபோன் திரையில் விரலால் தட்டும்போது பல ஆப்களில் எல்லாச் சுரமும் ஒரே வெலாசிட்டியில் பதியும். பிறகு எடிட்டரில் கையால் ஏற்றி இறக்குவதைத் தவிர வழியில்லை, அதைச் செய்யுங்கள்.

விப்ராட்டோ தொடக்கம் முதலே ஓடினால் மலிவான பொம்மை ஆர்கன் போலத்தான் கேட்கும். எல்எஃப்ஓ 5 முதல் 6 ஹெர்ட்ஸ், ஆழம் 15 முதல் 30 சென்ட், 300 முதல் 500 மில்லிசெகண்ட் கழித்து மெல்ல உள்ளே வரட்டும். அல்லது மாட் வீலில் (கீபோர்டின் மாடுலேஷன் சக்கரம்) கட்டிவிட்டுக் கையால் கொண்டு வாருங்கள்.

எஃப்எம் ஒலி தகரம் தட்டுவது போல் இருக்கிறது

யமஹா 1983 இல் வெளியிட்ட டிஎக்ஸ்7 கருவியைப் பின்பற்றும் டெக்செட்டில் 6 ஆபரேட்டர் (அலை உருவாக்கி), 32 அல்காரிதம் (அவற்றை இணைக்கும் விதம்). கேரியராக இருக்கும் ஆபரேட்டர் காதுக்குக் கேட்கும், மாடுலேட்டர் அதன் அதிர்வெண்ணை ஆட்டும்; இதுதான் எஃப்எம். முதலில் ரேஷியோவை (அடிச்சுரத்துக்கு எத்தனை மடங்கு என்பது) பாருங்கள். கேரியர் 1, மாடுலேட்டர் 1 என்றால் எல்லா ஹார்மோனிக்குகளும் ஒழுங்காக வரும். மாடுலேட்டர் 2 என்றால் ஒற்றைப்படை மட்டும், கிளாரினெட் சாயல். 1.41, 3.5 போன்ற பின்ன எண்கள் மணியோசைக்கும் உலோகத்துக்கும். தகரம் வேண்டாமென்றால் ஃபைன் அளவுகளை 0 ஆக்கி முழு எண்ணுக்கு வாருங்கள்.

ரேஷியோ சரியாக இருந்தும் முரடாக இருந்தால் மாடுலேட்டரின் லெவல் அதிகம். அந்த அளவுகோலில் 8 படி இறக்கினால் மாடுலேஷன் ஏறக்குறைய பாதியாகும். 99 இலிருந்து 91, பிறகு 83 என்று இறங்குங்கள். மேல் சுரங்களில் மட்டும் முரடு என்றால் லெவலைத் தொடாதீர்கள். கீபோர்ட் லெவல் ஸ்கேலிங்கில் மாடுலேட்டருக்கு வலதுபுறச் சரிவு கொடுங்கள்.

இன்னொன்று, மற்ற சின்த்களிலிருந்து வருபவர்களை ஏமாற்றும் இடம். இங்கே என்வலப்பில் இருப்பது நேரம் அல்ல, வேகம். ரேட் 99 என்றால் மிக நீளம் என்று நினைத்து வைத்தால் சட்டென்று அறுந்துவிடும். மெதுவாக அடங்க வேண்டுமானால் எண்ணைக் குறையுங்கள். கேரியரின் நான்காவது லெவல் 0 ஆக இல்லாவிட்டால் கையை எடுத்த பிறகும் சுரம் நிற்காது.

கமகம் வரவில்லை, படிக்கட்டு ஏறுவது போல் கேட்கிறது

கர்நாடக இசைக்குப் பேட்ச் செய்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ஆனால் பெரும்பாலும் நான்கு அமைப்புகளில் தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் குட்டுவது போல் இருந்தால் பாலி முறையில் இருக்கிறீர்கள். வைட்டலில் வாய்ஸை 1 ஆக்கி லெகாட்டோவைப் போடுங்கள். சர்ஜ் எக்ஸ்டியில் ப்ளே மோடை மோனோ எஸ்டி+எஃப்பி ஆக்குங்கள்: கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தும்போது என்வலப் மறுபடி அடிக்காது, வழுக்கலும் அப்போது மட்டுமே வரும். கையை எடுத்து வாசித்தால் சுத்தமான தனிச்சுரம். கிளைட் (வழுக்கும்) நேரம் 40 முதல் 80 மில்லிசெகண்ட். 150 தாண்டினால் ஜாரு எல்லாம் ஊளையிடுவது போலாகிவிடும்.

அசைவுக்கு எல்எஃப்ஓவை நம்பாதீர்கள். எல்எஃப்ஓ இரண்டு பக்கமும் சமமாக, ஒரே வேகத்தில் ஆடும். கமகம் அப்படி ஆடாது. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே போய் வரும், எங்கே தங்குகிறது, எங்கே தொட்டுவிட்டு ஓடுகிறது என்பதில்தான் ராகமே இருக்கிறது. பிட்ச் பென்டைக் கையால் ஆட்டுங்கள், அல்லது ஆட்டோமேஷனாக வளைகோட்டை வரையுங்கள்.

பென்ட் எல்லை வழக்கமாக 2 அரைச்சுரம். அந்தக் காந்தாரத்தின் மேலே மத்தியமமும் கீழே சுத்த ரிஷபமும் தலா 2 அரைச்சுரத் தொலைவில் இருப்பதால் எல்லை சரியாக முட்டும். கொஞ்சம் தாண்டித் தொட 3 அல்லது 4 வையுங்கள். "பெரிதாகவே இருக்கட்டும்" என்று 12 வைத்தால் வேறு தொல்லை. மிடி (கருவிகளுக்கிடையே வாசிப்புத் தகவலைக் கடத்தும் முறை) வளைவுக்கு 16,384 படிகள் இருந்தாலும் சில கீபோர்டுகளின் சக்கரம் 128 படிகளாகவே அனுப்பும். எல்லை 12 என்றால் ஒரு படி 18.75 சென்ட், படிக்கட்டு அப்பட்டமாகக் கேட்கும். எல்லை 2 என்றால் ஒரு படி 3.1 சென்ட், வழுவழுப்பாக இருக்கும்.

தம்பூரா போல ஒரு சுருதி பேட்ச் செய்கிறீர்கள், அது நிலைகொள்ளாமல் மெல்ல அலைகிறது என்றால் குற்றம் கீபோர்டின் சமப் பகுப்பில் (ஸ்தாயியை 12 சம பாகமாக்குவது). 1 கட்டை சுருதியில் ஸ 130.81 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாவது ஹார்மோனிக் 392.44. கீபோர்டின் ப 196.00, அதன் இரண்டாவது 392.00. இரண்டும் உரசி 2.3 விநாடிக்கு ஒருமுறை அலையடிக்கும். ப ஒலிக்கும் ஆசிலேட்டரை 2 சென்ட் ஏற்றுங்கள், அலை அடங்கிவிடும். அந்தர காந்தாரத்தையும் சேர்த்தால் உரசல் விநாடிக்கு 5 முறை, அது காதை அரிக்கும். அதை 14 சென்ட் இறக்குங்கள். இங்கே யூனிசனும் கோரஸும் கூடவே கூடாது; நீங்கள் காதால் சேர்த்த சுருதியை அவை கலைத்துவிடும்.

எல்லாச் சுரத்தையும் இப்படி அமைக்க சர்ஜ் எக்ஸ்டியில் ஸ்காலா கோப்பை (சுர இடைவெளிகளை எழுதிய கோப்பு) ஏற்றலாம். ஏற்றிய பிறகு 5 கட்டையில் வாசித்தால் முன்னைவிட மோசமாக இருக்கிறது என்றால், கோப்பின் ஸ இன்னும் 1 கட்டையிலேயே நிற்கிறது. கேபிஎம் கோப்பால் (எந்தக் கட்டையில் எந்தச் சுரம் என்று சொல்வது) தொடக்கச் சுரத்தை மாற்றுங்கள்.

தனியாகக் கேட்டால் பிரமாதம், பாட்டில் சேர்ந்தால் மூழ்கிவிடுகிறது

தனியாகக் கேட்கும்போது அசத்துவதற்காகக் கூட்டிய எல்லாமே பாட்டில் இடத்தை அடைக்கிறது. பேட்சுக்குள் இருக்கும் ரிவெர்பை அணைத்து, எல்லா ட்ராக்குக்கும் பொதுவாக ஒன்று வையுங்கள். பேட் ஒலியை 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் ஈக்யூவோடு மல்லாடாமல் ஒரு ஸ்தாயி மாற்றி வாசித்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

மோனோவில் (இங்கே இட வல ஒலிகளை ஒன்றாக்குவது) ஒருமுறை கேட்பது கட்டாயம். விரிந்த யூனிசனும் கோரஸும் இடமும் வலமும் ஒன்றாகும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். கோயில் திருவிழாவிலோ கல்யாண மண்டபத்திலோ உங்கள் பாட்டு ஒலிக்கப்போகிறது என்றால் அங்கே பல இடங்களில் மோனோதான். மோனோவில் ஒலி மெலிந்தால் ஸ்டீரியோ அகலத்தைப் பாதியாக்கி, ஓர் ஆசிலேட்டரை நடுவில் அசையாமல் நிறுத்துங்கள்.

கையை எடுத்தும் சுரம் நிற்கவில்லை

பெடலைக் கழற்றுங்கள். சில கீபோர்டுகளில் பெடலை அழுத்தியபடியே இயக்கினால் அழுத்தியது அழுத்தாதது தலைகீழாகும். பெடலைச் செருகி, காலால் தொடாமல், கீபோர்டை அணைத்து மறுபடி இயக்குங்கள். பதிவு செய்த ட்ராக்கில் மட்டும் என்றால் மிடி கன்ட்ரோலர் 64 இன் (பெடலுக்கான எண்) வரிசையில் 127 வந்து அதற்கு இணையான 0 இல்லாமல் இருக்கும், அதைக் கையால் சேருங்கள். உடனடி நிவாரணத்துக்குப் பேனிக் பொத்தான் (எல்லாச் சுரங்களையும் நிறுத்துவது). அது இல்லாத இடத்தில் கன்ட்ரோலர் 123, அதற்கும் அடங்காவிட்டால் 120.

நேற்று சேமித்த பேட்ச் இன்று வேறு மாதிரி ஒலிக்கிறது

மாட் வீல் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்; பேட்ச் செய்யும்போது பாதியில் நின்றிருந்தால் அந்த நிலை பெரும்பாலும் சேமிப்பில் வராது. அடுத்தது டெம்போ: பாட்டின் வேகத்தோடு இணைந்த எல்எஃப்ஓவும் டிலேயும் 90 இல் செய்தது 120 இல் வேறாகத்தான் இருக்கும். மூன்றாவது, சுதந்திரமாக ஓடும் எல்எஃப்ஓ. சுரத்தோடு தொடங்கும்படி அதை ட்ரிகர் முறைக்கு மாற்றுங்கள். வெளியிலிருந்து எடுத்த சாம்பிளோ வேவ்டேபிளோ இடம் மாறியிருந்தாலும் இப்படி ஆகும். பேட்சோடு சேர்த்து ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோனிலும் ஐபேடிலும் செய்த பேட்ச்கள் பெரும்பாலும் ஆப்பின் உள்ளேயே இருக்கும். ஆப்பை நீக்கினால் அவையும் போய்விடும். இடம் போதவில்லை என்று எதையாவது அழிப்பதற்கு முன் பேங்க் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வெளியே ஒரு பிரதி எடுங்கள். கோப்புப் பெயரில் ஒலியின் வகை, டெம்போ, பென்ட் எல்லை மூன்றையும் எழுதிவிடுங்கள்: "புல்லாங்குழல்_90_பென்ட்4" என்பது போல.